எலும்பில்லாத கூறு

பேராக் மாநிலத்தில் இரும்பு என்று ஒன்று இருப்பதே பத்துமலை என்கிற ஆள் இருப்பதால்தான். ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகளெல்லாம் அவர் வேலைக்குப் போகும்போது வழிவிட்டு ஒதுங்கி நின்றவை, அப்புறம் திரும்பிப் போக மறந்துவிட்டன. கிந்தா ஆறு அவருடைய உலைச் சூட்டுக்குப் பயந்துதான் அப்படி நெளிந்து நெளிந்து ஓடுகிறது. கோலாலம்பூரில் உயரமாக நிற்கும் எந்தக் கட்டடத்தையும் தட்டிப் பாருங்கள், உள்ளே இருக்கும் கம்பி "பத்துமலை அண்ணன் சௌக்கியமா" என்று கேட்கும். வாலிபத்தில் முக்கால் அங்குலக் கம்பியைப் பல்லால் கடித்து வளைத்து, அதையே மங்களத்தின் கையில் வளையலாக மாட்டிக் கல்யாணம் செய்துகொண்ட ஆள். இடி இடித்தால் ஊரே காதைப் பொத்தும். அவர் மட்டும் "மெதுவா லா" என்பார். இடி அடங்கிவிடும்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு சலாஹுதீன் கடையில் எதிரே உட்கார ஓர் ஆள் கிடையாது.

கோப்பெங் சாலையை ஒட்டிய தாமான் குடியிருப்பின் மூலையில் அந்தக் கடை இருக்கிறது. உள்ளே ஒரு நீள மேசை. காலையில் அதைச் சுற்றிப் பழைய தோட்டத்து ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் ரப்பர் தோட்டத்திலும், தோட்டத்தை விற்ற பிறகு இரும்பு ஆலையிலும் ஒன்றாகக் கிடந்தவர்கள். பத்துமலைக்குக் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசை. சாப்பிட்டு எழுந்தவர்கள் கையை உதறிவிட்டுப் போகும்போது நாலு துளி அவர் சட்டையில் விழும். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அந்த நீள மேசை அவருக்குக் கொடுத்தது அந்த நாலு துளிதான். அவரும் துடைக்காமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்.

சலாஹுதீன் மட்டும் பேசுவார். அவர் கடை, அவர் வாய்.

"அண்ணே, இந்த வருசம் கடைசிப் பூச. தெரியுமா?"

"எது?"

"ஒங்க முனியாண்டி கோயிலுதான். பெக்டரி நெலத்த வித்தாச்சாம். சாமிய டவுனு கோயிலுக்குக் கொண்டுபோறாங்க. அங்க ஆடு வெட்ட விட மாட்டாங்க லா. அப்பறம் கூறு எங்க போடுறது?"

பத்துமலை கண்ணாடிக் குவளையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"எப்ப?"

"வர்ற ஞாயித்துக்கெழம." சலாஹுதீன் மேசையைத் துடைக்கிற சாக்கில் கொஞ்சம் குனிந்தார். "இன்னொண்ணு. ஒங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு, தினேஸ்வரி, இங்க வந்து போன்ல என்னமோ எழுதிட்டே இருக்கு. ஒங்களப் பத்திதான். எனக்கு வாசிச்சுக் காட்டுது. நீங்க கம்பிய பல்லால வளச்சீங்களாமே?"

பத்துமலை நாக்கால் மேல் பல் செட்டைத் தள்ளிப் பார்த்துக்கொண்டார். "வேற என்ன எழுதிருக்கு?"

"வேலநிறுத்தம் அன்னிக்கு நீங்க தனியாளா உள்ள நின்னு எல்லாரையும் காப்பாத்துனீங்கன்னு."

"அப்பறம்?"

"அதோட முடிஞ்சிருச்சுண்ணே. கைதட்டச் சொல்லிச்சு. தட்டுனேன்."

பத்துமலை எழுந்துவிட்டார்.

தினேஸ்வரிக்குப் பதினாறு வயது. மூன்றாம் படிவத்தோடு அவளும் பள்ளிக்கூடமும் பேசி வைத்துக்கொண்டதுபோல் பிரிந்துவிட்டார்கள். இப்போது லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடையில் மடித்ததைப் பிரிப்பதும் பிரித்ததை மடிப்பதும் வேலை. அவளுடைய தாத்தா மாயாண்டி அந்த வேலைநிறுத்தத்தில் வேலை இழந்தவர், செத்து நாளாகிறது. ஆகவே அந்த வீடு பத்துமலையோடு பேசாது. பேசக் கூடாது என்பதுதான் வீட்டுச் சட்டம். செருப்பை ஒளித்து வைக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் இல்லை.

அதனால் வாரத்தில் இரண்டு நாளாவது பத்துமலையின் செருப்பு கேட்டின் உச்சியில் ஈட்டிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் தொங்கும். அவர் துடைப்பக் கட்டையால் அதைத் தட்டி இறக்குவார். ஏன் என்று கேட்டதில்லை. ஒருமுறை கேட்டில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. 'எச்சரிக்கை. உள்ளே இரும்பு மனிதர். காந்தம் கொண்டு வராதீர்.' அவர் அதைப் படித்தார், உள்ளே போனார். இரண்டு மழைக்குப் பிறகு அட்டையின் ஒரு மூலை எழும்பியபோது டேப் கொண்டுவந்து அவரே அதை ஒட்டினார். மங்களம் செத்து மூன்று வருடமாகிறது. மகள் விமலா ஜொகூரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவாள், பாதி நேரம் உச்சிமண்டைதான் தெரியும். அவர் வீட்டு வாசலுக்கு யாரோ வந்து போகிறார்கள் என்பதற்கு ஊருக்குத் தெரிந்த அடையாளம் அந்த அட்டை ஒன்றுதான்.

கூறு என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்தே வருடத்துக்கு ஒருமுறை முனியாண்டிக்கு ஆடு வெட்டுவார்கள். கறியை விரிப்பில் குவியல் குவியலாகப் போடுவார்கள். எல்லாக் குவியலும் ஒரே மாதிரி இருக்கும். சதை கொஞ்சம், எலும்பு நிறைய, ஈரல் ஒரு துண்டு, குடல் ஒரு துண்டு. வேலை வாங்குகிற மண்டோருக்கும் அதுதான், புல் வெட்டுகிறவனுக்கும் அதுதான். பொறுக்கி எடுக்க முடியாது. காலையில் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கிற மாதிரி ஒருவர் நின்று ஒவ்வொரு குடும்பத்தின் பேராகக் கூப்பிடுவார். "இருக்கு" என்று குரல் கொடுத்துவிட்டுப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். பேர் கூப்பிட்டால் நீ இந்தக் கூட்டத்து ஆள். தோட்டம் போய், லயத்து வீடுகள் இடிந்து, எல்லாரும் தாமானில் வரிசை வீடுகளுக்கு வந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. ஆலையின் பின்வேலிக்கு வெளியே, பழைய தோட்டத்து எல்லையில், முனியாண்டி அங்கேயே இருந்தார்.

பத்துமலையின் பேரை அங்கே கடைசியாகக் கூப்பிட்டது வேலைநிறுத்தத்துக்கு முந்தின வருடம்.

அந்த ஆலை பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி செய்கிற ஆலை. பத்துமலைக்கு உலைமுகத்தில் வேலை. உலை என்றால் ஒரு வீட்டு அளவுக்கு இருக்கும். உள்ளே இரும்பு கஞ்சிபோல் கொதிக்கும், சுவர் உருகிவிடாமலிருக்கச் சுற்றிலும் தண்ணீர்க் குழாய்கள் ஓடும். தெறிக்கிற பொறி பட்டுப்பட்டு அவருடைய இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் புள்ளி விழுந்திருக்கிறது, அரிசியைக் கொட்டி அழுத்திய மாதிரி. காலுக்கு நல்ல சப்பாத்து கொடு என்று கேட்டார்கள், வரவில்லை. சங்கம் வைத்தார்கள், கம்பெனி அந்தச் சங்கத்தை ஒத்துக்கொள்ளவில்லை. சங்கத்தின் செயலாளர் தேவன். மைக் இல்லாமலே மைக் வைத்துப் பேசுகிற குரல். ஒருநாள், தேத்தண்ணி நேரத்துக்குச் சற்று முன்னால், மாயாண்டியின் கிழிந்த சப்பாத்துக்குள் உருகிய இரும்பு ஒரு துளி போய்விட்டது. சப்பாத்தை அறுத்துக் கழற்றியது பத்துமலைதான். மாயாண்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. அறுபது எழுபது பேர், அப்படியே முன்கேட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

உலை நிறைய இரும்பு கொதித்துக்கொண்டிருந்தது. பார்க்க ஆளில்லாமல் விட்டால் குழாய் அறுந்து தண்ணீர் அதில் இறங்கும். இறங்கினால் வெடிக்கும். கூரை பறந்து முன்கேட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் தலையில்தான் விழும். பத்துமலை நின்றார். சீன ஃபோர்மன் ஒருவனை வைத்துக்கொண்டு உலையைச் சாய்த்து இரும்பு முழுவதையும் அடியில் இருக்கிற குழியில் ஊற்றினார். ஒரு கம்பிக்கும் உதவாத இரும்பு. அதை முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு அவர் வெளியே வருவதற்குள் கதை கட்டியாகிவிட்டது. நாங்கள் வெளியே, அவன் உள்ளே. ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்கிற ஒரு பேர் அவருக்கு வைத்தார்கள். கருங்காலி.

இதுவரைக்கும் கைதட்டலாம்.

மறுநாள் காலை கம்பெனி அறிவிப்பு ஒட்டியது. வேலை நேரத்தில் வெளியே போனவர்கள் எல்லாருக்கும் வேலை இல்லை. பத்துமலையின் வருகைக் கார்டில் மட்டும் முழுநாளுக்கும் அடித்திருந்தது, ஆகவே அவருக்கு வேலை உண்டு. மங்களத்தின் வயிற்றில் விமலா இருந்தாள். பத்துமலை சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முன்கேட்டுக்குப் போகவில்லை. சுற்றிப்போய், முனியாண்டி கோயிலைத் தாண்டி, பின்கேட்டு வழியாக உள்ளே போனார். அன்று உலையில் ஒன்றும் கொதிக்கவில்லை. முனியாண்டியைத் தவிர அவரைப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் சைக்கிள் கொட்டகையில் ஒரே ஒரு சைக்கிள் நின்றால் முன்கேட்டிலிருந்தே தெரியும்.

அந்த வருடத்திலிருந்து பேர் கூப்பிடவில்லை. அவர் மட்டும் ஒவ்வொரு வருடமும் இஸ்திரி போட்ட சட்டையில், பையில் ஒரு பிளாஸ்டிக் பையை மடித்து வைத்துக்கொண்டு, வேலி ஓரமாகப் போய் நிற்பார். மடித்த பை மடித்தபடியே வீட்டுக்கு வரும். அன்றைக்கு மங்களம் பாசாரில் பெட்டியில் உறைந்து கிடக்கும் ஆஸ்திரேலியா ஆட்டுக்கறி வாங்கிவந்து, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வறுப்பாள்.

"ஐஸ் ஆடு," என்பார் பத்துமலை.

"ரோட்டுக்கு வாசன போனா போதும். ஐஸா எலும்பான்னு வாசனைக்குத் தெரியுமா?" என்பாள் மங்களம்.

அவள் போன பிறகு வறுக்கவும் ஆளில்லை.

கடைசிப் பூசை என்று கேள்விப்பட்ட அன்று சாயந்தரம் பத்துமலை தேவன் வீட்டுக்குப் போனார். இரண்டு சந்து தள்ளித்தான் வீடு. வேலை போன பிறகு தேவன் கமுந்திங்கில் ஒரு கையுறை ஆலையில் காவல்காரராகி, லோரிகளுக்குத் தடுப்புக் கட்டையைத் தூக்கித் தூக்கி இறக்கியே வயதானவர். சர்க்கரை நோயில் கால் விரல் இரண்டு போய்விட்டது. காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"பத்துமல."

தேவன் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. டிவி சத்தத்தைக் குறைத்தார். பத்துமலை கம்பிக் கதவுக்கு வெளியிலேயே நின்றார்.

"என்ன வேணும்?"

"இதான் கடைசிக் கூறு. என் பேரக் கூப்புடு."

"கறிதான? பாசார்ல விக்கிறான்."

"கறி வேணாம். பேரு."

தேவன் மூக்கால் சிரித்தார். "நான் கூப்புடுவேன். பாதிப் பேரு அவன் கூறக் கீழ வச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவான். சாமி பொழப்பு நாறிரும்."

"அன்னிக்கு ஒல நெறைய கொதிச்சிட்டு இருந்துச்சு. பைப்பு அறுந்திருந்தா..."

"தெரியும். அந்த ஃபோர்மன் பின்னாடி சொன்னான். குழியில ஊத்துனியாம்." தேவன் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். "மொத நாளுக்காவா இவ்ளோ வருசம் ஒன்கூட பேசாம கெடந்தேன்? ரெண்டாவது நாளு ஏன்டா போன?"

முதல் நாளைப் பற்றிச் சொல்ல பத்துமலை இத்தனை வருடமும் பதில் சேர்த்து வைத்திருந்தார். குளிக்கும்போது, படுக்கும்போது, தொட்டி ஓரத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது அதைத்தான் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தார். இதை யாரும் கேட்டதில்லை.

"வேல வேணும்னு போனேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். மங்களம் வயித்துல புள்ள இருந்துச்சுன்னு சொல்லலாம். புள்ள எல்லார் வீட்லயுந்தான் இருந்துச்சு."

தேவன் ஸ்டூலில் இருந்த காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிறகு, "பூசைக்கு வா. பாப்போம்," என்றார்.

"பாப்போம்னா?"

"பாப்போம்னா பாப்போம் லா. போ."

ஞாயிற்றுக்கிழமை முனியாண்டிக்குச் சுருட்டு, மாலை, நீலக் கூடாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆலை புகையில்லாமல் நின்றது, தகரம் துரு ஏறி. விரிப்பில் குவியல்கள் வரிசையாக விழுந்தன. தேவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கையில் காகிதமே இல்லாமல், பேர்களைக் கூப்பிட்டார். செத்தவர்கள் பேரையும் கூப்பிட்டார், அவர்கள் வீட்டு ஆட்கள் குரல் கொடுத்தார்கள். "மாயாண்டி" என்றதும் தினேஸ்வரி, "இருக்கு" என்று கத்திவிட்டு ஓடிவந்து அள்ளிக்கொண்டு போனாள். போகிறபோது வேலி ஓரம் ஒருமுறை பார்த்தாள்.

பத்துமலை சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் பையை வெளியே எடுத்திருந்தார். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. அதை விரித்து, காற்று ஊதி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசிக் குவியலும் போயிற்று. விரிப்பில் ரத்தத் தண்ணீர் மட்டும் மிச்சம். தேவன் தலையைத் தூக்கி வேலிப் பக்கம் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்தது.

"முடிஞ்சிச்சாண்ணே?" என்று முன்னால் நின்ற ஒருவன் கேட்டான்.

தேவன் தன் காலைப் பார்த்தார்.

"முடிஞ்சிச்சு."

விரிப்பைச் சுருட்டினார்கள். பத்துமலை பையை மடித்தார். சரியாக மடிய மாட்டேன் என்றது. மறுபடி விரித்து மறுபடி மடித்தார். வீட்டுக்கு நடந்து வந்து, செருப்பை வாசலில் விட்டு, சட்டையைக் கழற்றி மாட்டி, மங்களத்தின் படத்துக்கு எதிரே உட்கார்ந்தார். விமலா போன் பண்ணினாள். சாப்பிட்டீங்களாப்பா என்றாள். ஆச்சு என்றார்.

வெயில் இறங்கும் நேரத்தில் கேட் ஆடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஆள் இல்லை. கேட்டின் உச்சிக் கம்பியில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பை தொங்கிக்கொண்டிருந்தது, அடியில் ஈரம் சொட்ட.

பத்துமலை வெறுங்காலோடு போனார். துடைப்பக் கட்டையால் அதைத் தட்டி இறக்கினார். உள்ளே கறி. தேவன்தான். அத்தனை பேர் முன்னால் வாய் வரவில்லை, ஆள் விட்டு அனுப்பியிருக்கிறான். பையை மார்போடு அணைத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தார். மங்களம் வறுக்கிற பெரிய சட்டியை எடுத்துக் கழுவினார். படத்தைத் திரும்பிப் பார்த்து, "வந்திருச்சு" என்றார்.

பிறகுதான் பையைக் கொட்டினார்.

எல்லாம் சதை. மிஷினில் வெட்டியதுபோல் சதுரம் சதுரமாக, ஒரே அளவில். எலும்பு என்று பேருக்குக்கூட ஒன்றில்லை. ஈரல் இல்லை, குடல் இல்லை. விரலை நடுவில் விட்டார். நடுவில் ஐஸ்.

விரல் மரத்துப்போகும்வரை அதை எடுக்காமல் இருந்தார். கறி மெல்லக் கரைந்து தண்ணீர் அவர் கால்வரைக்கும் வந்தது. அப்போதுதான் காலைப் பார்த்தார். வாசலில் விட்ட செருப்பு கேட்டுக்குப் போகும்போதே அங்கே இல்லை.

பழைய பேப்பர் ஒன்றை விரித்து, கறியைச் சரிபாதியாக இரண்டு குவியல் போட்டார். ஒன்றைப் பையில் அள்ளிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். பக்கத்து வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பி வேலிதான். அந்தப் பக்கம் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பத்துமலை நிமிர்ந்து நின்று, தேவன் கூப்பிடுகிற மாதிரியே இழுத்துக் கூப்பிட்டார்.

"தினேஸ்வரி."

"இருக்கு," என்றது ஒரு போர்வை.

சொன்ன பிறகு அந்தப் போர்வை நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், அசையவே இல்லை.

"வா. கூறு எடுத்துட்டுப் போ."

"என்ன கூறு தாத்தா? எங்களுக்குத்தான் காலையிலயே குடுத்தாச்சே."

"அதுல எலும்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஈரலு?"

"ஒரு துண்டு."

"கொடலு?"

"அம்மா கழுவிட்டு இருக்காங்க."

"என் கூறுல ஒண்ணையும் காணோம். எல்லாம் கறி."

போர்வை கொஞ்சம் யோசித்தது. "முனியாண்டிக்கு ஒங்கமேல பிரியம் போல."

"நடுவுல ஐஸு இருக்கு. முனியாண்டி எப்ப பிரிட்ஜ் வாங்குனாரு?"

போர்வையின் ஓரம் ஒருமுறை ஆடியது.

"கம்பிய பல்லால வளச்சவனுக்கு ஐஸ் ஆடு தெரியாதுன்னா நெனச்ச?"

போர்வைக்குப் பக்கத்திலிருந்து ஒரு தலை வந்தது. கையில் போன். "பாய் சொல்லிட்டாரா?"

"சொன்னாரு. கைதட்டச் சொன்னியாம்." அவர் பையை வேலிக்கு மேலே நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "கறியிலயும் எலும்பக் காணோம், ஒங்கதையிலயும் எலும்பக் காணோம். மொத நாளோட நிறுத்திப்புட்ட. மறுநாளு பின்கேட்டு வழியா நான் உள்ள போனேன் லா. ஒன் தாத்தன் காலு வெந்து கெடக்கையில போனேன். அது எங்க?"

"அத எழுதல."

"ஏன்?"

அவள் பையின் வாயை முறுக்கினாள், பிரித்தாள், மறுபடி முறுக்கினாள். புடவைக் கடைப் பழக்கம்.

"எழுது," என்றார் பத்துமலை. "மொதல்ல என் செருப்பக் குடு."